சுக்குவின் தகப்பன் யார்? நாய்களுக்கான இரண்டு மரபணுச் சோதனைப் பெட்டிகள் பற்றி

சிங்கப்பூரின் சுங்கை தெங்காவில் உள்ள நாய்க் காப்பகம் ஒன்றிலிருந்து பத்து வாரக் குட்டியாகச் சுக்குவை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவனுடைய கூண்டில் தொங்கிய அட்டையில் 'லாப்ரடோர் கலப்பு' என்று எழுதியிருந்தது. அதன் பிறகு பதினான்கு மாதங்களில் இரண்டு நிறுவனங்களின் மரபணுச் சோதனைப் பெட்டிகளை வாங்கிப் பயன்படுத்தினேன். இரண்டு அறிக்கைகளிலும் லாப்ரடோர் என்ற பெயர் இல்லை. அந்த இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்பதும், அவற்றுள் ஒன்றை நான் பெரிதும் நம்புகிறேன் என்பதும், மற்றொன்றை நம்பியதால் எங்கள் வீட்டில் சில வாரங்கள் தேவையற்ற அச்சம் நிலவியது என்பதும்தான் இந்த மதிப்புரையை எழுத என்னைத் தூண்டின.

நிறுவனங்களின் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். பெட்டியின் பெயரும் விலையும் ஆண்டுதோறும் மாறும். சிங்கப்பூரில் தெருநாய்க் குட்டி ஒன்றைத் தத்தெடுத்தவர் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி மாறாது. அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்காமல் வாங்கினேன்.

சுக்குவின் தோற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த இஞ்சியின் நிறம், அதனால்தான் அந்தப் பெயர். மூக்கைச் சுற்றிலும் கரி பூசியதுபோல் கருமை. நெஞ்சில் வெள்ளைக் கீற்று, முன்கால் விரல்களில் வெள்ளை. வால் முதுகின்மேல் வளைந்து நிற்கும். நாக்கின் ஓரத்தில் இரண்டு கருநீலப் புள்ளிகள். வந்த புதிதில் இரண்டு காதுகளும் மடிந்திருந்தன. நான்காம் மாதம் ஒன்று நிமிர்ந்தது, பல் முளைக்கும் பருவத்தில் மீண்டும் சாய்ந்தது, ஏழாம் மாதத்தில் இரண்டும் நிமிர்ந்து நின்றன. அவனோடு அதே தாயிடம் கண்டெடுக்கப்பட்ட மல்லி என்ற பெண் குட்டியை என் தங்கை தத்தெடுத்தாள். மல்லி உடல் முழுவதும் புலிவரி கொண்டவள், வால் நேரானது, நெஞ்சில் வெள்ளையே இல்லை. இருவரையும் ஒன்றாக நடத்திச் சென்றால் உடன்பிறந்தவர்கள் என்று ஒருவரும் நம்புவதில்லை. மூன்றாவதாகக் கருப்பு நிற ஆண் குட்டி ஒன்றும் இருந்தது. அவனை வேறொரு குடும்பம் எங்களுக்கு முன்பே அழைத்துச் சென்றுவிட்டது.

சுக்குவைப் பார்த்தவர்கள் அனைவரும் அவன் தகப்பனைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். என் அப்பா தேனிப் பக்கத்தில் வளர்ந்து இளவயதில் இங்கு வந்தவர். செவலை உடலையும் கரிய முகத்தையும் பார்த்த உடனேயே, "இது கோம்பை நாயேதான், ரத்தம் பொய் சொல்லாது" என்றார். கோம்பை நாய்கள் உண்மையிலேயே அத்தகைய நிறமும் கருமூக்கும் கொண்டவை. ஆனால் அவை சிங்கப்பூர்க் காட்டோரத்துக்கு எப்படி வந்திருக்கும் என்று கேட்டால் அப்பாவிடம் விடை இல்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி நாக்கைப் பார்த்து, சௌ சௌ இனத்தின் வாரிசு என்றார். காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர் வாலைப் பார்த்து ஷிபா என்றார். கைப்பேசிச் செயலி ஒன்று முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்துக்கு ஒரு விடையும், பக்கவாட்டுப் படத்துக்கு வேறு விடையும், படுத்திருந்த படத்துக்கு மூன்றாவது விடையும் தந்தது. எங்கள் கால்நடை மருத்துவர் மட்டும் எந்த இனத்தையும் சொல்லவில்லை. பற்களைப் பார்த்து வயதைச் சொன்னார், எடையைக் குறித்துக்கொண்டார், 'உள்ளூர்க் கலப்பு' என்று பதிவேட்டில் எழுதினார். அப்போது அது அக்கறையின்மை என்று தோன்றியது. இப்போது, அவர் ஒருவரே தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னவர் என்று உணர்கிறேன்.

ஒவ்வொருவரும் தாம் அறிந்த நாயைத்தான் சுக்குவிடம் கண்டார்கள். தேனியை அறிந்தவருக்குக் கோம்பை தெரிந்தது, ஜப்பானிய நாய்களை விரும்பியவருக்கு ஷிபா தெரிந்தது. காப்பகத்தில் குட்டியைத் தத்துக் கொடுக்க விரும்பும் தொண்டூழியருக்கு, குடும்பங்கள் விரும்பிக் கேட்கும் லாப்ரடோர் தெரிந்ததிலும் வியப்பில்லை; அவர்மீது எனக்குக் குறையும் இல்லை.

கண்ணால் கணிப்பது ஏன் தவறுகிறது என்பதை நான் பின்னர்தான் படித்துப் புரிந்துகொண்டேன். சோதனைப் பெட்டியின் மதிப்பை எடைபோட அது தேவை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாய்க்கு 39 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஆனால் நம் கண்ணில் படும் அடையாளங்களை, அதாவது முடியின் நீளம், சுருள், நிறம், காலின் குட்டை நெட்டை ஆகியவற்றைத் தீர்மானிப்பவை அவற்றுள் மிகச் சில மரபணுக்களே. குட்டைமுடிக்கு உரிய மரபணு வடிவம் நீளமுடிக்கு உரியதை மறைத்துவிடும். தாயும் தந்தையும் குட்டைமுடியாக இருந்தும் ஒரு குட்டி நீளமுடியோடு பிறக்கலாம். அதேபோல் தந்தை நீளமுடி நாயாக இருந்தும் குட்டிகள் அனைத்தும் குட்டைமுடியோடு பிறக்கலாம். சுக்குவின் கரிய முகமூடியும் ஒரே ஒரு மரபணுவின் ஒரு வடிவத்தால் உண்டாவது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே முகம் கறுத்துவிடும். அது கோம்பையிலும் உண்டு, பாக்சரிலும் உண்டு, பக் நாயிலும் உண்டு, எந்த இனத்தையும் சேராத தெருநாய்களிலும் ஏராளமாக உண்டு. நாக்கில் உள்ள புள்ளியும் அப்படியே. சௌ சௌ, ஷார் பே இனங்களின் நாக்கு முழுவதும் கருநீலமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நிறமி திட்டுத்திட்டாகப் படிந்த நாக்கு எத்தனையோ இனங்களில் காணப்படுகிறது.

இதை முறையாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தின் ஸ்காட், புல்லர் என்னும் இருவர். 1965இல் வெளியான அவர்களின் ஆய்வில் பாசென்ஜி இனத்தையும் காக்கர் ஸ்பானியல் இனத்தையும் இணைத்தார்கள். ஒன்று நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் குட்டைமுடியும் கொண்ட ஆப்பிரிக்க நாய், மற்றொன்று தொங்கும் காதும் அலையலையான முடியும் கொண்டது. பிறந்த குட்டிகள் இரண்டையும் ஒத்திருக்கவில்லை. அக்குட்டிகளைத் தமக்குள் இணைத்தபோது அடுத்த தலைமுறையில் தோற்றங்கள் பல திசைகளில் சிதறின. பெற்றோர் இன்னார் என்று முன்பே தெரியாதவர் அவற்றைப் பார்த்துப் பாசென்ஜியின் பெயரைச் சொல்லவே வாய்ப்பில்லை. இரண்டு தூய இனங்கள் கலந்த முதல் தலைமுறையிலேயே இந்த நிலை என்றால், பல தலைமுறைகளாகத் தானாக இனம்பெருக்கிய நாய்களின் குட்டியைப் பார்த்து நாம் என்ன சொல்ல முடியும்?

வல்லுநர் கண்ணுக்கும் இதில் பெரிய சலுகை இல்லை. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கால்நடை மருத்துவர்கள், காப்பகப் பணியாளர்கள், பயிற்றுநர்கள் என நாய்களோடு பழகும் தொழிலில் உள்ள 900க்கும் மேற்பட்டோரிடம் 20 கலப்பு நாய்களின் காணொளிகளைக் காட்டி இனத்தைச் சொல்லச் சொன்னார்கள். 20இல் 14 நாய்களுக்கு, மரபணுச் சோதனை கண்ட இனங்களில் ஒன்றைச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. 2018இல் அரிசோனாவிலும் சான் டியாகோவிலும் உள்ள இரண்டு காப்பகங்களில் 900க்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்தபோது, பணியாளர்கள் குறைந்தது ஓர் இனத்தையாவது சரியாகச் சொன்னது ஏறக்குறைய 67 விழுக்காட்டு நாய்களில். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது ஏறக்குறைய 10 விழுக்காட்டில். அவ்விரண்டு ஊர்களிலும் உள்ள நாய்கள் பெரும்பாலும் பெயருள்ள இனங்களின் கலப்புகள். நம் ஊரின் நிலை அதுவும் இல்லை என்பதை இரண்டாவது பெட்டிதான் எனக்குக் கற்பித்தது.

முதல் பெட்டியைச் சுக்குவின் ஐந்தாம் மாதத்தில் வாங்கினேன். அஞ்சல் செலவோடு ஏறக்குறைய 130 சிங்கப்பூர் வெள்ளி. உள்ளே இரண்டு பஞ்சுத் தூரிகைகளும் எண் ஒட்டிய உறையும் இருந்தன. உணவு உண்டு குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, கன்னத்தின் உட்புறத்தில் அரை நிமிடத்துக்கு மேல் தூரிகையை உருட்டி, காய வைத்து, உறையிலிட்டு அனுப்ப வேண்டும். குட்டி தாய்ப்பாலை விட்டிராவிட்டால் தாயின் உயிரணுக்கள் கலந்துவிடும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. செயல்முறை எளிது, அறிவுறுத்தல்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அதில் எனக்குக் குறை இல்லை. ஐந்து வாரம் கழித்து மின்னஞ்சலில் வந்த அறிக்கையின்படி சுக்கு 24 விழுக்காடு சௌ சௌ, 17 விழுக்காடு ஷார் பே, 13 விழுக்காடு அகிதா, 8 விழுக்காடு கோலி; எஞ்சிய 38 விழுக்காடு வகைப்படுத்த முடியாதது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மிகவும் மகிழ்ந்தார்.

எங்களுக்கு மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சிங்கப்பூரின் விதிமுறைகளில் சில இனங்களும் அவற்றின் கலப்புகளும் தனிப் பட்டியலில் உள்ளன. பொது இடத்தில் அவற்றுக்கு வாரும் வாய்க்கட்டும் கட்டாயம். பிட்புல்லோடும் டோசாவோடும் அப்பட்டியலில் அகிதாவும் இருக்கிறது. சுக்குவை ஏற்கெனவே பதிந்து, சில்லு பொருத்தி, உரிமம் பெற்றிருந்தோம். இப்போது பதிமூன்று விழுக்காடு அகிதா என்று ஒரு தாள் சொல்கிறது. நாங்கள் எதை மறைக்கிறோம், எதை அறிவிக்க வேண்டும் என்று என் மனைவி இரவெல்லாம் யோசித்தாள். இன்னொரு சிக்கலும் எழுந்தது. அந்தச் சமயத்தில் சுக்குவுக்குச் சொறி கண்டிருந்தது. அதற்கு ஐவர்மெக்டின் மருந்தைக் கூடுதல் அளவில் கொடுக்கலாமா என்று மருத்துவர் எண்ணிக்கொண்டிருந்தார். கோலி வகை நாய்கள் பலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு பழுது உண்டு. அந்தப் பழுது உள்ள நாய்க்கு அந்த மருந்து அதிக அளவில் சென்றால் மூளையைத் தாக்கும். எட்டு விழுக்காடு கோலி என்று அறிக்கையில் இருந்ததால், எதற்கும் இடம் வைக்காமல் மருத்துவர் விலை கூடிய வேறு மருந்தைத் தேர்ந்தார். அவர் செய்தது சரி. ஆனால் அந்த எட்டு விழுக்காடு எங்கிருந்து வந்தது?

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் ஒப்பீட்டுத் தொகுப்பில் தென்கிழக்காசியத் தெருநாய்கள் இருக்கின்றனவா என்பதே என் கேள்வி. ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில் தங்கள் சோதனை எத்தனை இனங்களை அறியும் என்ற விளம்பர வாசகம் மட்டும் இருந்தது. மறுபடி எழுதினேன், அதே வாசகம் மறுபடி வந்தது. இந்தப் பெட்டியைப் பற்றிய என் முதன்மையான குறை இதுதான். ஒரு சோதனைக்கு எல்லைகள் இருப்பது இயல்பு. அந்த எல்லை எங்கே என்று கேட்ட வாடிக்கையாளருக்குச் சொல்ல மறுப்பது இயல்பன்று.

விடையை வேறு இடங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சோதனைகள் நாயின் டிஎன்ஏவைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தம்மிடம் உள்ள மாதிரிகளில் எதனோடு மிகவும் ஒத்துப்போகிறது என்று பார்க்கின்றன. தொகுப்பில் பெயருள்ள இனங்கள் மட்டுமே இருந்தால், எந்த இனத்தையும் சேராத நாயின் துண்டுகளும் ஏதாவது ஓர் இனத்தின் கணக்கில்தான் எழுதப்படும். கிழக்காசியாவின் பழைய நாய்க் கூட்டங்களிலிருந்து பிரிந்து வந்தவையே சௌ சௌவும் ஷார் பேயும் அகிதாவும். நம் பகுதித் தெருநாய்களுக்கு அவை தூரத்துப் பங்காளிகள். ஆகவே இங்குள்ள தெருநாயை அத்தகைய தொகுப்பில் போட்டால் அந்தப் பெயர்களே வந்து விழும். பங்காளி வீட்டுப் பிள்ளையின் மூக்கு நம் மூக்கைப் போலிருக்கிறது என்பதற்காக அவனை நமக்குத் தகப்பன் என்று எழுதுவதைப் போன்றது அது.

இங்கேதான் 'கலப்பினம்' என்ற சொல்லே என்னைத் தவறான வழியில் இட்டுச் சென்றிருந்தது என்று உணர்ந்தேன். கலப்பு என்றால் முதலில் தூய்மையானவை இரண்டு இருந்தன, பிறகு அவை கலந்தன என்ற வரிசையை மனம் தானாகவே கற்பித்துக்கொள்கிறது. உண்மை வரிசை வேறு. இன்று நாம் அறியும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த இரு நூற்றாண்டுகளுக்குள் வடிவமைக்கப்பட்டவை. இங்கிலாந்தின் கென்னல் கிளப் தொடங்கியதே 1873இல்தான். ஊரோரத்திலும் சந்தையிலும் தானாக வாழ்ந்து தானாகப் பெருகிய நாய்கள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியவை. சிங்கப்பூரில் கம்பங்கள் எனப்படும் சிற்றூர்கள் இருந்த நாள்களில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே திரிந்த நாய்களும், கம்பங்கள் அகன்ற பின் துவாஸ், லிம் சூ காங் போன்ற பகுதிகளின் தொழிற்பேட்டைகளிலும் காட்டோரங்களிலும் தங்கிவிட்ட அவற்றின் வழித்தோன்றல்களும் அந்த வரிசையில் வருபவை. கட்டுமானத் தளங்களிலும் பண்ணைகளிலும் காவலுக்கு வைத்துப் பின்னர் கைவிடப்பட்ட நாய்கள் அவற்றோடு இடையிடையே சேர்ந்திருக்கின்றன. 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று இங்குள்ளவர்கள் அன்போடு அழைக்கும் நாய் இதுதான். இதன் தகப்பன் எந்த இனம் என்று கேட்பது, பெரும்பாலான நேரங்களில், விடையே இல்லாத கேள்வி.

இரண்டாவது பெட்டியை வாங்கும்முன் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தெருநாய்களைத் தனிப் பிரிவாக, அதுவும் வட்டாரவாரியாக, உங்கள் தொகுப்பில் வைத்திருக்கிறீர்களா என்பதே அது. ஆம் என்றும், தென்கிழக்காசியாவுக்குத் தனிப் பிரிவு உண்டென்றும் மறுநாளே பதில் வந்தது. அஞ்சல் செலவோடு ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 230 வெள்ளி. சிறிய தொகையன்று. தங்கையும் மல்லிக்காக ஒன்று வாங்க இசைந்ததால் இருவரின் மாதிரிகளையும் ஒரே நாளில் அனுப்பினோம்.

மல்லியின் அறிக்கை முதலில் வந்தது. நூறு விழுக்காடும் தென்கிழக்காசியத் தெருநாய். வேறு எதுவும் இல்லை. புலிவரியைப் பார்த்து அவளைப் பிட்புல் கலப்பு என்று புளோக்கின் கீழ்த்தளத்தில் சொன்னவர்களும், மின்தூக்கிக்குள் வர மறுத்தவர்களும் உண்டு. அதனால் தங்கை பட்ட மனவருத்தத்தை நான் அறிவேன். புலிவரியும் ஒரே ஒரு மரபணு வடிவத்தின் வேலைதான், அது தெருநாய்களில் சாதாரணமாகக் காணப்படுவதுதான் என்பதை இப்போது அவள் தாளைக் காட்டியே சொல்கிறாள்.

சுக்குவின் அறிக்கை நான்கு நாள் கழித்து வந்தது. 88 விழுக்காடு தென்கிழக்காசியத் தெருநாய். 12 விழுக்காடு ஜப்பானிய ஸ்பிட்ஸ். அகிதா இல்லை, சௌ சௌ இல்லை, கோலி இல்லை. பனிபோன்ற வெண்ணிறமும் அடர்ந்த நீளமுடியும் கொண்ட ஜப்பானிய ஸ்பிட்ஸை, செவலை நிறக் குட்டைமுடிச் சுக்குவிடம் எங்களில் ஒருவரும் காணவில்லை. காண இயலவும் இயலாது. பன்னிரண்டு விழுக்காடு என்பது கொள்ளுப்பாட்டன் அல்லது கொள்ளுப்பாட்டி ஒருவரின் சராசரிப் பங்கு. தலைமுறைதோறும் பாதி பாதியாகக் கைமாறும்போது சீட்டுக் கலைவதுபோல் கலைவதால் அந்தப் பங்கு சற்றுக் கூடியோ குறைந்தோ வரலாம். யாரோ வீட்டில் வளர்த்த ஒரு வெள்ளை நாய், மூன்று தலைமுறைக்கு முன் வெளியே போயிருக்கிறது. அறிக்கையின் மற்றொரு பக்கத்தில், சுக்கு நீளமுடி மரபணு வடிவத்தின் ஒரு பிரதியைச் சுமக்கிறான் என்றும் எழுதியிருந்தது. அது ஸ்பிட்ஸ் வழியாகத்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, தெருநாய்களிலும் அது உண்டு. ஆனால் வெளியே தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி எனக்கு விளங்க வைத்ததைப் போல் வேறெதுவும் விளங்க வைக்கவில்லை.

எம்டிஆர்1 பழுதின் பிரதி ஒன்றும் இல்லை என்றும் அறிக்கை சொன்னது. மருத்துவர் அதை அச்சிட்டுச் சுக்குவின் கோப்பில் வைத்துக்கொண்டார். இனப் பங்கீட்டைவிட இந்தப் பகுதியே பணத்துக்குப் பெரிய பயன் என்பது என் கருத்து. இனத்தின் பெயரைக் கொண்டு நோயை ஊகிப்பதைவிட, நோய்க்குரிய மரபணுவை நேரடியாகப் பார்ப்பது எத்தனையோ மடங்கு உறுதியானது.

நான் சற்றும் எதிர்பாராத செய்தி கடைசிப் பக்கத்தில் இருந்தது. இந்த நிறுவனம் தன்னிடம் சோதிக்கப்பட்ட நாய்களில் உறவினர் யார் என்பதையும் காட்டுகிறது. சுக்குவும் மல்லியும் உறவினர்கள் என்று கண்டிருந்தது. ஆனால் இருவரும் பகிரும் டிஎன்ஏவின் அளவு முழு உடன்பிறப்புகளுக்கு உரியதாக இல்லை. ஒரே தாய், வேறு வேறு தந்தையர் என்ற உறவோடுதான் அது பொருந்தியது. பெண் நாய் பருவத்தில் இருக்கும் சில நாள்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு கூடும். ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன்கள் இருப்பது நாய்களில் புதிதன்று. படித்திருக்கிறேன், ஆனால் எங்கள் வீட்டிலேயே அது நிகழ்ந்திருக்கும் என்று எண்ணியதில்லை. மல்லியிடம் ஸ்பிட்ஸின் சுவடே இல்லை என்பதால், அந்தப் பங்கு சுக்குவின் தந்தை வழியாக வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. பதினான்கு மாதங்களாகச் 'சுக்குவின் தகப்பன் யார்' என்ற ஒரே கேள்வியை இரு குட்டிகளுக்கும் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். இருவரின் முகத்தையும் ஒப்பிட்டு, இருவரிடமும் பொதுவாகத் தென்படுவது தகப்பனுடையது என்று அப்பா சொல்லிவந்த கணக்கின் அடிப்படையே அன்றோடு நீங்கிவிட்டது. அப்பா அறிக்கையை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்படியானால் இவனுக்குக் கோம்பையின் முகம் எப்படி வந்தது?" என்றார். அந்த மரபணு கோம்பைக்கும் சுக்குவுக்கும் தனித்தனியே பழைய முன்னோரிடமிருந்து வந்திருக்கும் என்றேன். அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது பெட்டியிலும் குறைகள் உண்டு. வளர்ந்த எடையைக் கணிக்கும் பகுதி சுக்குவுக்கு 21 கிலோ என்றது. அவன் 17 கிலோவில் நிற்கிறான். குணநலன்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்ததை அச்சிடாமலே விட்டிருக்கலாம். 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த தகவல்களையும் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் டிஎன்ஏவையும் வைத்து, ஒரு நாயின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடியும் என்று காட்டியது. அப்படியிருக்க, பன்னிரண்டு விழுக்காட்டு ஸ்பிட்ஸைக் கொண்டு சுக்கு விழிப்பாகக் குரைப்பான் என்று எழுதுவதில் பொருள் இல்லை. அவன் குரைப்பதே அரிது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிப்பவர்கள் இதை வாங்கலாமா என்று தங்கையின் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிற்றினப் பட்டியலுக்கு வெளியே உள்ள உள்ளூர்க் கலப்பு நாய்களை, 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தின்கீழ், அதில் பங்குபெறும் விலங்குநலக் குழுக்கள் வழியாகத் தத்தெடுக்கலாம். முதலில் தோள்வரை உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ என்று வரம்பு இருந்தது. 2020இல் எடை வரம்பு நீக்கப்பட்டு உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. ஆகவே அவர்களுக்கு முக்கியமானது குட்டி எவ்வளவு உயரமாக வளரும் என்பதே. அதற்காக இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பாதத்தின் அகலத்தைப் பார்த்துச் சொல்வதையும் நம்ப வேண்டாம். மல்லியின் விஷயத்தில் காப்பகத்தார் மிகப் பொறுப்பாக நடந்துகொண்டார்கள். அவள் வளர்ந்து முடியும்வரை தங்களிடமே வைத்திருந்து, மாதந்தோறும் அளந்து, உயரம் நின்றுவிட்டது என்று உறுதியான பிறகே தங்கையிடம் ஒப்படைத்தார்கள். 51 சென்டிமீட்டர். அளவு நாடாவுக்கு ஈடான சோதனை எதுவும் இல்லை.

மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கும், தம் நாயின் வரலாற்றை அறிய உண்மையான ஆவல் உள்ளவர்களுக்கும், வட்டாரத் தெருநாய்களைத் தொகுப்பில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; 230 வெள்ளிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். முதல் பெட்டிக்கு, ஐரோப்பிய இனங்களின் கலப்பை வளர்ப்பவர் ஒருவேளை மூன்று தரக்கூடும். சிங்கப்பூர்த் தெருநாய்க்கு அது உதவாது என்பதால் நான் ஒன்றே தருகிறேன். இடைப்பட்ட விலையில் எது வந்தாலும், பணம் செலுத்தும்முன் அந்த ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள், நேரான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

உறவினர் பட்டியல் புதிய நாய்கள் சோதிக்கப்படும்போதெல்லாம் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. சுக்குவுக்கு இப்போது அதில் மல்லி ஒருத்திதான் நெருங்கிய உறவு. அந்தக் கருப்புக் குட்டியை அழைத்துச் சென்ற குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர்களும் இதே பெட்டியை வாங்கினால் அவன் பெயர் சுக்குவின் பெயருக்குக் கீழே வந்து நிற்கும், மூவரில் யார் யாருக்கு ஒரே தகப்பன் என்பதும் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.